படிக்கட்டில் மாட்டிய கைகள்

மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே விரல் நுனியில் வெண்புள்ளி வந்துவிட்டது. அது மெல்லக் கைகளில் படர்ந்து, கழுத்தில் ஏறி, கண்ணோரத்தில் வந்து நின்றது. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது. ஆனாலும் குடும்பமாகப் போட்டோ எடுக்க நின்றால் அத்தைக்காரி குரலில் தேன் ஒழுகும். "நீதான் நல்லா எடுப்பியேம்மா, நீயே எடேன்." அப்படி ஓரங்கட்டியதில்தான் கேமரா அவள் கைக்கு வந்தது.

பிறகு அதுவே பிழைப்பானது. ஒரு துணிக்கடையின் இணையதளத்துக்காகப் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டிப் படம் எடுக்கும் வேலை. ஒருநாள் கைக்கடிகாரங்கள் வந்திறங்கின. அவற்றைக் கையில் கட்டிக் காட்ட வேண்டிய மாடல் பெண் வரவில்லை. இவள் தன் கையிலேயே கட்டி எடுத்துவிட்டாள். மேனேஜர் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னம்மா இது? இந்தக் கையைப் பார்த்தா எவன் வாங்குவான்? அழிச்சிடு."

தலையாட்டினாள், அழிக்கவில்லை. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது, கடிகாரத்தைவிடக் கைதான் நன்றாக இருந்தது.

அன்று பிடித்த கிறுக்கு விடவே இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் கையை வைத்து எடுத்தாள். அடுப்படி மேடையில் பால் கொட்டியபோது, துடைக்க வந்த அம்மாவைத் தடுத்து, பாலுக்குப் பக்கத்தில் விரல்களை விரித்து எடுத்தாள். ஜன்னல் கம்பி வழியாக வெயில் விழுந்த ஒரு படத்தில் எது வெயில், எது தோல் என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமாக முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து வைத்தது இதையா! இனி எதைப் படம் எடுப்பது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர்களுடையது மாடி வீடு. படங்களைச் சட்டம் போட்டுப் படிக்கட்டுச் சுவர் நெடுக மாட்டினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை தங்கச்சியைப் பார்க்க வர்றாங்கடி. அது வரைக்குமாவது கழட்டி வையேன்."

"மாட்டேம்மா."

"அவ வாழ்க்கையில மண்ணைப் போடாதே."

"என் கை என்ன மண்ணா?"

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். மூத்தவள் சண்டை போடவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்து, திரும்பவும் மாட்டினாள்.

வந்தவர்கள் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார்கள். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டாள், "அது யாரோட கைங்க?"

அம்மா தரையைப் பார்த்தாள். மூத்தவள் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "என்னோடதுதான். எடுத்ததும் நான்தான்."

வந்தவர்கள் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான், அப்புறம் ஒரு போன்கூட வரவில்லை.

அம்மா அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மூத்தவள் தங்கையிடம் போய், "என்மேல கோபமாடி?" என்றாள்.

"உன் கையைத் தாண்ட முடியாதவங்க நம்ம குடும்பத்துக்குள்ள வந்து என்னக்கா பண்ணப் போறாங்க?" என்றாள் தங்கை, தலை வாரிக்கொண்டே. "ஆமா, எல்லாம் கையாவே இருக்கே, முகத்தை எப்போ எடுக்கப் போறே?"

மறுநாளே எடுத்தாள். கண்ணோரத்து வெள்ளை பளிச்சென்று தெரிய, நேராக லென்ஸைப் பார்த்து.

சட்டம் போட்டு வந்த படத்தைப் பார்த்ததும் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மூத்தவள் சுத்தியலைத் தேடி எடுத்துக்கொண்டு, படத்தோடு படியிறங்கினாள்.