‘பேசுகிறார்கள்’ பெஞ்சின் கடைசி ஆள்

எழுதிய எழுத்தை ஒன்றுவிடாமல் உச்சரிக்கும் கடைசி மனிதன் நான். எனக்குப் பிறகு உலகம் விழுங்கி விழுங்கித்தான் பேசும்.

எங்கள் கல்லூரியில் பிரெஞ்சு வினைச்சொற்களைப் புத்தகத்தில் வைப்பதில்லை. பெஞ்சில் உட்காரவைக்கிறார்கள். ஆளுக்கு ஓர் எழுத்து. பின் பெஞ்சில் ஏழு பேர். சேர்த்துப் படித்தால் ‘பேசுகிறார்கள்’ என்று பொருள். ஆனால் சத்தம் வருவது முதல் நாலு பேருக்குத்தான். ‘பார்ல்’ என்று கேட்கும். மீதி மூவர் ஃபீஸ் கட்டுகிறார்கள், வாயசைக்கிறார்கள்.

“ஏழு பேரைப் பந்தியில உக்கார வெச்சு நாலு எலைக்குப் பரிமாறுற மொழிடா இது” என்று கேன்டீனில் கேலி செய்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். மூவர் சத்தமில்லாமல் சிரிப்பார்கள்.

என் நண்பன் தெய்வசிகாமணி ஏழாவது ஆள். அவன் ‘த்’. தமிழ் எடுத்தால் மார்க் குறையும் என்று பிரெஞ்சு எடுத்தவன். சேர்ந்த அன்றே குரல் போய்விட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

நான் முன் பெஞ்சில் ‘இ’; பிரெஞ்சில் ‘அவர்கள்’ என்ற சொல்லின் முதல் எழுத்து. உயிரெழுத்து. உயிரெழுத்து ஒன்று பின்னால் வந்து ஒட்டிக்கொண்டால் ‘த்’துக்குக் குரல் வரும். ஆகவே கேன்டீனில் அவனை ஒட்டி உட்கார்வேன்.

“மச்சான், வெள்ளிக்கிழம வாய்மொழித் தேர்வு. வெளியிலேர்ந்து ஆள் வர்றாரு.”

“தெரியும்டா.”

“கொரல் கேக்காதவங்கள மைப்புட்டியில திருப்பி ஊத்திடுவாங்க. போன வருஷம் ஒரு ‘ஸ்’ஸ ஊத்துனாங்க. அவங்கம்மா வந்து புட்டிய வீட்டுக்கு எடுத்துட்டுப்—”

நான் டீ வாங்க எழுந்திருந்தேன். வாங்கிவந்து உட்கார்ந்தேன்.

“—போனாங்க. நீ அன்னைக்கு எனக்குப் பின்னால வந்து உக்காருவியா?”

“ஒரு எழுத்தயும் விடமாட்டேன்டா. நான் யாரு?”

“அதான் பயமா இருக்கு” என்றான்.

வெள்ளிக்கிழமை வராந்தா கடற்கரைச் சாலை வரை நீண்டிருந்தது. அசைக்கு ஒரு கதவு. பியூன் வைத்திலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்களை அசை பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கதவுக்கு ஒரு உயிரு, தம்பி. இவன் ஒத்த மெய்யி. யாருகூட வர்றான்?”

“என்கூட.”

“அப்ப கையப் புடி. காத்துல போனா நான் பொறுப்பில்ல.”

பிடித்தேன். தெய்வசிகாமணியின் கை ஈரமாக, கொஞ்சம் நீலமாக இருந்தது. கதவு வரை பேசிக்கொண்டே வந்தான். வானிலை பற்றி, பரோட்டா பற்றி, தன் குரல் இவ்வளவு கட்டையா என்பது பற்றி. இவ்வளவு சந்தோஷமாக யாரும் பரோட்டா பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

உள்ளே எங்கள் ஆசிரியை மதாம் செலஸ்தின் நின்றிருந்தார்.

“நீ பின்னால போனா வாக்கியம் கேள்வியாயிடும். ‘பேசுகிறார்களா?’ன்னு.”

“ஆகட்டுமே மதாம்.”

“கேள்விக்கு மார்க் கெடையாது. முன்னாடி உக்காந்தா தொண்ணூறு.”

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருக்கு முகம் இல்லை. அந்த இடத்தில் ஒரு காது இருந்தது. நன்றாகத் துடைத்த காது.

“மச்சான், எதுக்கு வெரல ஒவ்வொண்ணா எடு—” என்றான் தெய்வசிகாமணி.

முன் பெஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. 

மதாம் மைப்புட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். “பின் பெஞ்சைப் படி.”

எழுந்து திரும்பிப் பார்த்தேன். ஏழு பேரும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது ஆள் என்னையே பார்த்து வாயை அகலத் திறந்து வைத்திருந்தான்.

“பார்ல்” என்றேன்.

காது இளஞ்சிவப்பானது.

“என்ன சுத்தமான உச்சரிப்பு!” என்றார் மதாம்.

எனக்கு மூச்சு கொஞ்சம் மிச்சமிருந்தது. சத்தமில்லாமல் விழுங்கினேன்.