உதைத்து மிதித்தால்

பிரேக்கைப் பைய மிதித்தால் வண்டி நேராக நின்றது. உதைத்து மிதித்தால் இடப்பக்கம் பாய்ந்தது.

தாஜ் முகம்மது ஒன்பது தடவை மிதித்துப் பார்த்துவிட்டார். நாங்குநேரிப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு குளத்துப் பாதை அது. கடைசித் தடவை இறங்கி வந்து, மண்ணில் டயர்கள் இழுத்த கோடுகளைக் குனிந்து பார்த்தார். இடது டயரின் கோடு நீளமாக ஓடியது. வலது டயரின் கோடு அதில் பாதித் தூரம் கழிந்த பிறகே தொடங்கியது.

"பாத்தியளா மாமா? நான் ஸ்டியரிங்கத் திருப்பல. அதுவாத்தான் போச்சு," என்றான் ஆதில். அவருடைய தங்கை மகன், முப்பது வயது. நான்கு சக்கரமும் இழுக்கும் அந்த ஜீப்பை மலைப்பாதைக்கு வாடகைக்கு ஓட்டி வந்தவன். ஐந்து வாரமாக அவன் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. இன்றும் பக்கத்து இருக்கையில்தான் வந்தான்.

ஐந்து வாரத்துக்கு முன், காலை எட்டு மணிக்கு, முக்கூடல் சாலையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. ஆதில் பிரேக்கை உதைத்தான். வண்டி இடப்பக்கம் மண்ணுக்கு இறங்கியது. சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்க நடந்து போய்க்கொண்டிருந்த தனலட்சுமி என்ற பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். பீடிக்கட்டுகள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஆதில் போன் பேசிக்கொண்டு வந்தான் என்று டீக்கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். வண்டியைச் சோதித்த அதிகாரி காவல் நிலைய வாசலிலேயே நான்கு தடவை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். வண்டியில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். குறை வண்டியில் இல்லையென்றால் ஓட்டியவனிடம்தான் இருக்கவேண்டும். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆதில் ஜாமீனில் இருந்தான். குற்றம் நிரூபணமானால் சிறை.

"ஒவ்வொருத்தனும் போனு போனுங்கான். இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு மாமா. பேசிட்டுத்தான் வந்தேனோன்னு."

"வாயை மூடுலே. வண்டில ஏறு," என்றார் தாஜ்.

மேலப்பாளையத்தில் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். வெளிநாட்டில், தமாமில் இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்புகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் யாரையாவது உட்காரவைத்து அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். மே மாதம் இந்த வண்டிக்கு நான்கு டிஸ்க்கும் பேடும் வாங்கி வந்து, ஒர்க்ஷாப்புக்கு விடாமல் தானே மாற்றியதும் அந்த ஆசையில்தான். அப்போது ஆதிலுக்கு ஒரு தட்டையும் இரண்டு உள்ளங்கையையும் வைத்துப் பாடம் எடுத்திருந்தார். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் பிடிக்கும் உள்ளங்கைகள்தான் பேடுகள். கைகளை நெருக்கும் முஷ்டி காலிப்பர். அந்த முஷ்டிக்குப் பலம் கொடுப்பது ஆயில். நீ காலால் மிதித்தால் ஆயில் இரும்புக் குழாயில் ஓடி, சக்கரம் திரும்பும் இடத்தில் மட்டும் வளைகிற ஒரு முழ ரப்பர் ஹோஸ் வழியாக முஷ்டிக்குள் போகும்.

இப்போது எந்தப் பாடமும் எடுக்கவில்லை. சக்கரங்களைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிஸ்க் இரண்டும் வழவழவென்று ஒரே கனத்தில் இருந்தன. பேடுகள் நான்கும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன. காலிப்பர் நகரும் கம்பிகள் விரலால் தள்ளினாலே ஓடின. ஆயில் ஒழுகவில்லை. டயரில் காற்று சரி. பார்த்ததையே மறுபடி பார்த்தார்.

மனைவி ருக்சானா டீ கொண்டுவந்து வைத்தாள். "என்ன, அந்தப் பேடையே உத்து உத்துப் பாக்கிய? பொண்ணு பாக்கப் போனப்போகூட என்னைய இப்படிப் பாக்கல."

அவர் சிரிக்கவில்லை. அவள் டீயை அவர் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போனாள்.

பார்க்காமல் விட்டது ஹோஸை மட்டும்தான். அதை எதற்காகக் கடைசிக்கு ஒதுக்கினார் என்பது அவருக்கே தெரியும்.

"ஆதில், ஏறி உக்காரு. நான் சொல்லும்போது ஒரே மிதியா உதை."

இரண்டு காலிப்பரின் தலையிலும் ஆயிலை வெளியேற்ற ஒரு சிறிய நிப்பிள் உண்டு. இரண்டிலும் ஒவ்வொரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அடியில் ஒவ்வொரு பாட்டில் வைத்தார். முதலில் இடது நிப்பிளைத் திறந்தார்.

"உதை."

ஆயில் பாட்டிலுக்குள் பீறிட்டது. நிப்பிளை மூடிவிட்டு வலப்பக்கம் வந்து அதைத் திறந்தார்.

"உதை."

சொட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று சொட்டு.

"இப்பப் பைய மிதி."

அமைதியாக, நூல் பிடித்தாற்போல் ஆயில் வழிந்தது.

ஆதில் இறங்கி வந்தான். தாஜ் வலது ஹோஸைக் கழற்றினார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளேயிருந்த ஆயிலை வடித்துவிட்டு சைக்கிள் பம்ப்பை அதன் வாயில் பொருத்தி அவன் கையில் கொடுத்தார். பைய அமுக்கினான். மறுமுனையில் காற்று வந்தது. வேகமாக அமுக்கினான். கைப்பிடி பாதியிலேயே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தான்.

"என்ன மாமா இது?"

"உள் ரப்பர் கிழிஞ்சு நாக்கு மாதிரித் தொங்குதுலே. ஆயில் பைய வந்தா நாக்கு ஒதுங்கி வழி விடும். வேகமா வந்தா அதுவே தள்ளிட்டுப் போயி ஓட்டைய அடைச்சிரும். நீ உதைச்ச நேரம் இடது சக்கரம் பிடிச்சிட்டு, வலது பிடிக்கல. வண்டி பிடிச்ச பக்கமாத் திரும்பிட்டு. அந்த ஆபீசர் பைய ஓட்டினார். அவருக்கு எப்படித் தெரியும்?"

ஆதில் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு கேட்டான்: "அது எப்படிக் கிழிஞ்சது?"

தாஜ் ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சொன்னார்.

மே மாதம், வெள்ளிக்கிழமை. இடப்பக்கம் டிஸ்க் மாற்றும்போது காலிப்பரைக் கட்டுக்கம்பியால் மேலே ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஏழு கிலோ இரும்பு அது. வலப்பக்கம் கழற்றும்போது ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கம்பி தேட நேரமில்லை. ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் காலிப்பரை வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினார். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு வாங்கிய ஆடு முற்றத்தில்தான் கட்டிக் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் டப்பா உருண்டு கிடந்தது. காலிப்பர் ஹோஸில் தொங்கிக்கொண்டிருந்தது, கிணற்றுக் கயிற்றில் தொங்கும் வாளிபோல் பைய ஆடியபடி. ஹோஸை விரலால் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. மாட்டிவிட்டார்.

"அப்ப ஆடு தட்டிவிட்டதுதானே மாமா?"

"ஆட்டையா கூண்டுல ஏத்துவாங்க? கட்டாமப் போனவன் நான். செப்டம்பர்ல நீ என்ன சொன்ன? வண்டி லேசா இடது வாங்குதுன்னே. நான் என்ன சொன்னேன்?"

ஆதில் தலையைத் தாழ்த்திக்கொண்டான். "டயர்ல காத்து கொறைஞ்சிருக்கும்ன்னிய."

"அதுதான்."

"பழைய ஹோஸு, தானா கிழிஞ்சதுன்னு சொல்லிரலாம் மாமா. யாருக்குத் தெரியும்?"

"டிஸ்க்கும் பேடும் மாத்தினது யாருன்னு கேப்பான். கேக்காட்டியும், அந்தப் பொம்பளை புருஷன் மூஞ்சியில நான் முழிக்கணுமே." அவர் போனை எடுத்துப் பாளையங்கோட்டை வக்கீல் பாக்கியசீலனை அழைத்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

மறுமுனையில் வக்கீல் கத்தியது ஆதிலுக்கே கேட்டது. "கழட்டிட்டியளா? அடக் கடவுளே! அது சாட்சி அண்ணாச்சி. கையில வச்சிருந்தா நீங்களே கிழிச்சிக் கொண்டாந்ததும்பான். இருந்த இடத்திலயே மாட்டுங்க. மறுபடி சோதிக்கச் சொல்லி மனு போடுவோம். ஆனா ஒண்ணு. இதுல ஆதில் வெளிய வருவான். நீங்க உள்ள போவிய. யோசிச்சிட்டியளா?"

"யோசிக்க என்ன இருக்கு?" என்றார் தாஜ். "என்ன எழுதணும்னு மட்டும் சொல்லும்."

அந்த ஹோஸை அவரே திரும்ப மாட்டினார். ஒரு பொருள் கெட்டது என்று தெரிந்தே அதை மாட்டியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆதில் பெடலை மிதிக்க மிதிக்க, காற்றுக் குமிழ் நிற்கும்வரை ஆயிலை வெளியேற்றினார். இந்தத் தடவை காலிப்பரை நகர்த்தும் வேலையே வரவில்லை. ஆனாலும் கட்டுக்கம்பிச் சுருளைத் தேடி எடுத்துப் பக்கத்திலேயே வைத்திருந்தார். வண்டிச் சாவியை எடுத்து ருக்சானாவிடம் கொடுத்து, யார் கேட்டாலும் கொடுக்காதே என்றார். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கோடு போட்ட தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தாள்.

மனுவோடு வைக்கும் வாக்குமூலத்தில் மரியாதைக்கு எழுதவேண்டியதை முதலில் எழுதிவிட்டு, தாஜ் இப்படி முடித்தார்:

"இந்த வண்டியை மெதுவாக ஓட்டிச் சோதித்தால் குறை தெரியாது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு காலிப்பரின் நிப்பிளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பெடலை ஒரே மிதியில் அடிவரை உதைக்க வேண்டும். இடப்பக்கம் ஆயில் பீறிடும். வலப்பக்கம் சொட்டும். குறை வலது முன் ஹோஸுக்குள் இருக்கிறது. மே மாதம் நான் டிஸ்க் மாற்றியபோது காலிப்பர் அந்த ஹோஸில் தொங்கியது. கட்டாமல் விட்டது நான். செப்டம்பரில் சொல்லியும் கேட்காதது நான். ஓட்டியவர் மேல் தவறில்லை. சோதனை முடிந்த பிறகு முன் ஹோஸ் இரண்டையும் புதிதாக மாற்றி, ஆயிலில் காற்றில்லாமல் எடுத்தால் வண்டி உதைத்து மிதித்தாலும் நேராக நிற்கும். காலிப்பரைக் கழற்றும்போது கம்பியால் ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும். ஹோஸில் தொங்கவிடக் கூடாது."