மூணு பேருக்கு ஒரு சர்வர்

மூணு பேருக்குன்னு கணக்கு வெச்சித்தான் நான் சர்வர் வாங்கப் பாத்துகிட்டிருந்தேன். நான், என் சம்சாரம் சோபனா, எங்க பொண்ணு ஜாஸ்மின். பென்னாகரத்துல வூட்டுக்கு எதுக்குடா சர்வருன்னு கேக்கறவன் கேட்டுகிட்டே கெடக்கட்டும். ஸ்கூல்ல நான் கம்ப்யூட்டர் வாத்தியார். எது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?

கேட்டவன் வேற யாரு, எங்க கணக்கு வாத்தியார் பிரபாகர்தான். படம் பாக்க டிவி போதாதாங்கறான். ஜாஸ்மினோட ஞானஸ்நானம், புதுநன்மை, கோயில் தேர்னு எடுத்த வீடியோ எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்குங்கள்ல செதறிக் கெடக்குது. எல்லாத்தையும் ஒரே மிஷின்ல போட்டுட்டா, ஹால்ல ஒருத்தர் பாக்கலாம், அதே நேரத்துல ரூம்ல இன்னொருத்தர் வேறொன்னு பாக்கலாம். அந்த ஒரு மிஷினுக்குள்ளயே தனித்தனியா ரெண்டு மூணு கம்ப்யூட்டரும் ஓட்டலாம், வர்ச்சுவல் மிஷின்னு பேரு. ஜாஸ்மின் சாஃப்ட்வேர் படிச்சவ. அவளுக்கு அதுல ஒன்ன ஒதுக்கிட்டா, அவ உள்ள என்ன கூத்தடிச்சாலும் என் படம் பாட்டுக்கு ஓடும். இவ்வளவும் விளக்குனேன். பிரபாகர் தலைய ஆட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டான்.

சோபனா அயர்லாந்துல நர்சு. அவ போயி பல வருசம் ஆவுது. பொண்ணும் பின்னாடியே அங்க காலேஜுக்குப் போச்சு. அவ படிப்பு முடிஞ்சதும் ரெண்டு பேரும் வந்துடறதுன்னு பேச்சு. அந்தப் பேச்ச நம்பித்தான் இந்த வூட்டக் கட்டுனேன். செவுரு பூசறதுக்கு முன்னாடியே ரூமுக்கு ரூம் நெட் ஒயரு இழுத்தேன். சமையக்கட்டுலயும் ஒரு பாயிண்ட் வெச்சேன், சோபனா சமைச்சிகிட்டே எதையாவது பாக்கட்டும்னு. மேஸ்திரி சிரிச்சான், சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்.

இப்ப படிப்பு முடிஞ்சிடுச்சு. கிறிஸ்மசுக்கு வந்துடுவாங்கன்னு நானா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன். அவங்க வாயால ஒரு வார்த்தை வரல. நேரா கேக்க எனக்குப் பயம். அதனாலதான் சர்வரப் பத்திக் கேட்டேன்.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சி வந்து வீடியோ கால் போட்டேன். ஜாஸ்மின் எடுத்தா. நான் பாத்து வெச்சிருந்ததெல்லாம் சொன்னேன். பெரிய கேபினட்டு, நாலு டிஸ்கு, ஒன்னு செத்தாலும் மத்தது காப்பாத்தும். நல்ல பிராசஸர், ரேம் தாராளமா. கரண்டு போயிப் போயி வர்ற ஊரு, அதுக்குத் தக்கன யுபிஎஸ். அவளும் ஆசையாத்தான் கேட்டுகிட்டிருந்தா. கடைசியா, யாரா இருந்தாலும் கேக்க வேண்டிய கேள்வியக் கேட்டா.

"ஒரே நேரத்துல எத்தன பேருப்பா பாப்பீங்க?"

"அத நீதான் சொல்லணும் பாப்பா."

மொகத்த அந்தப்பக்கம் திருப்பிகிட்டா. "சின்ன பாக்ஸே போதும்ப்பா. ஒரு ஆளுக்கு அதுவே அதிகம்"னா.

சோபனா போன வாங்கிகிட்டா. ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டிட்டா. பொண்ணுக்கு அங்கயே வேலை கெடச்சிடுச்சாம். ஈஸ்டர் சமயத்துலயே முடிவு பண்ணிட்டாங்களாம், எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலையாம். நீங்க ரிட்டையர் ஆனதும் இங்க வந்துடுங்கன்னு வேற சொல்றா. வந்த கோவத்துக்கு போனத் தூக்கி செவுத்துல அடிச்சிருக்கணும். ஆனா யாரு மேல கோவப்படறது? கேக்காம இருந்தவன் நானு. இத்தன வருசமா நான் ஒருத்தன் மட்டுந்தான் இந்த வூட்ல இருந்திருக்கறேன்னு அப்பதான் எனக்கு ஒறச்சுது. நல்லா இருங்கன்னு மட்டும் சொன்னேன்.

மறுபடியும் ஜாஸ்மின் வந்தா. கண்ணெல்லாம் செவந்து கெடந்துது. பேச்சு நின்னுடக் கூடாதேன்னு அந்தச் சின்ன பாக்ஸப் பத்தியே சொல்லிகிட்டிருந்தா. உள்ளங்கை அளவுதானாம். கரண்டே இழுக்காதாம். டிவிக்குப் பின்னாடி ஒட்டி வெச்சிடலாமாம்.

"அதுல ஃபேனே கெடையாதுப்பா. சத்தமே வராது. வூட்ல ஒன்னு ஓடுதுன்னே தெரியாது."

"எனக்கு அது வேணாம் பாப்பா. சத்தம் வர்றதாப் பாத்துச் சொல்லு."

லேப்டாப்ப இழுத்து வெச்சி எதையோ தேடுனா. அப்புறம் மூக்க உறிஞ்சிகிட்டே சொன்னா. பெங்களூருல ஆபீசுங்க கழிச்சிக் கட்டற பழைய சர்வருங்க கெடைக்குமாம். நீளமா, இரும்புக் கணக்கா கனக்குமாம், உள்ள வரிசையா ஃபேனுங்களாம்.

"ஆனா அது ராவும் பகலும் கத்திகிட்டே இருக்கும்ப்பா."

கத்தட்டும்னேன்.