பதினொன்றாம் எண் செருப்பு

1

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கதை வேண்டாம், முடிவுதான் வேண்டும். வாயைத் திறப்பதற்குள் "கடைசியில என்ன ஆச்சு?" என்கிறார்கள். சோறு வேகுமுன் ஏப்பம் விடும் கூட்டம்.

இதை எழுதச் சொன்னது எங்கள் நலப்பணி மேடம். குடியையும் போதை மருந்தையும் விட நினைப்பவர்கள் பத்து நாள் தங்கும் இல்லம் இது. ஆண்டு மலருக்கு, "ஜெயிச்ச ஒருத்தர் கதையா எழுதுங்கய்யா" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இங்கே செருப்பு அறைக் காவல் என் வேலை. ஜெயித்தவன் எவன் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்பவர்களை நான் நம்புவதில்லை.

2

முதல் தொடக்கம்: ‘இருள் சூழ்ந்த வாழ்வில் ஓர் ஒளிக்கீற்றாக மேஸ்திரி…’

(அடித்துவிட்டேன். மேஸ்திரி படித்தால் காறித் துப்புவார்.)

இரண்டாவது: ‘கட்டட மேஸ்திரிக்கு வயது ஐம்பத்திரண்டு. ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் ஐந்தாம் நாள்…’

இது பரவாயில்லை. ஓடிப்போனார். மூன்றாம் தடவை ஆறாம் நாளைத் தொட்டுவிட்டார். மறுநாள் காலை பத்தரைக்கு அவர் மகள் பார்க்க வருவதாக ஏற்பாடு. மேடம் போனில் கெஞ்சி வாங்கிய சம்மதம். "இந்தத் தடவையும் அவரு அங்க இல்லன்னா எனக்கு அப்பனே இல்ல" என்று மகள் சொல்லியிருந்தாள்.

3

செருப்பு அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே வருகிறவரின் செருப்பை எண் போட்ட தட்டில் வைத்துப் பூட்டுவேன். இது ஜெயில் இல்லை, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் செருப்பைக் கேட்டால் ஆள் கிளம்பப் பார்க்கிறான் என்று அர்த்தம். அப்போது நான் சாவியைத் தேட வேண்டும். மேசைக்கு அடியில், அலமாரி மேல், இருபது நிமிடம் தேடுவேன். அதற்குள் வெறி இறங்கிவிடும் என்பது மேடம் சொல்லிக்கொடுத்த வித்தை. சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அந்த ஆறாம் நாள் மத்தியானம் மேஸ்திரி வந்து நின்றார்.

"பெருசு, செருப்பக் குடு."

"சாவிய எங்கயோ வச்சேன். இரு."

"தேடாத. சட்டைப் பையில இருக்கு. எங்க எல்லாருக்கும் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. "தெரிஞ்சும் ஏன்யா நிக்கிறீங்க?"

"நிக்க ஒரு சாக்கு வேணாமா? ஆனா இன்னைக்கு நான் போறதுக்குக் கேக்கல. செருப்பு பூரா சிமெண்டு. மக வர்றா. தேய்ச்சு வைக்கணும்."

நான் சிரித்தேன்.

"போன தடவ பல்வலின்னு சொல்லிட்டு ஓடுன. அதுக்கு முந்தி மாமியா செத்துட்டான்ன. செத்த மாமியா அடுத்த மாசமே வந்து உன்னைய இங்க சேத்துட்டுப் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு போய்விட்டார்.

4

மேஸ்திரி சொன்னது உண்மையா? எழுதுகிறவன் நான். உண்மை என்று எழுதினால் உண்மையாகிவிடும். கை வரவில்லை.

"ஓடுறவரு ஏன்யா வெறுங்கால்ல போகணும்?" என்று மேடம் கேட்டார். குடிக்கப் போகிறவன் நெருப்பிலும் நடப்பான் என்றேன். சொல்லிவிட்டு, பதினொன்றாம் எண் தட்டிலிருந்து அவர் செருப்பை எடுத்துப் பார்த்தேன். சிமெண்ட் அப்பிக் கிடந்தது. அதனால் என்ன? பொய்யன் செருப்பிலும் சிமெண்ட் ஒட்டும்.

5

ஒருவர் போய்விட்டால் அன்று மாலையே அவர் கட்டில் அடுத்தவருக்கு. நிர்வாகி வந்து கேட்டார். மேடம் தன் கைப்பையைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

"ஆள் இருக்கு சார்."

"ஆள் எங்கம்மா இருக்கு?"

"பஸ்ல துண்டு போட்டா எடம் புடிச்சதாதான அர்த்தம்?"

நிர்வாகி தலையில் அடித்துக்கொண்டார். நாளை மதியம் பன்னிரண்டு வரை, அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பத்தரைக்கு மகள் வந்தாள். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷால் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள்.)

"அப்பா இருக்காரா?"

"நேத்துப் போயிட்டாரு. நான் சிரிச்சேன், போயிட்டாரு."

அவள் திரும்பி இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். "அது அவரு செருப்பா?"

"நீ வர்றேன்னு தேய்ச்சு வைக்கக் கேட்டாரு. நான் நம்பல."

"நானும் நம்பியிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றைச் செருப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "இதுக்குத் தண்ணி பத்தாது தாத்தா. அடுப்படியில வினிகர் இருந்தா எடுத்துட்டு வாங்க. வீட்டுல நான்தான தேய்ப்பேன்."

6

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. உள்ளேயிருந்து மேடம் ஓடி வந்தார். மகள் எழுந்திருக்கவில்லை. ஈரச் செருப்பை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

வெளியே யார் நின்றது என்று எழுதினால்தான் அச்சுக்குப் போகுமாம். மேடம் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

எழுத மாட்டேன். முடிவு தெரிந்தா மேடம் கட்டிலில் பையைப் போட்டார்? தெரிந்தா அந்தப் பெண் உட்கார்ந்தாள்? உங்களுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டுமோ? கேட்டுக்கு அந்தப் பக்கம் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளுங்கள். வராவிட்டால் அதையும் நீங்களே பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணி இரண்டாவது தடவை அடித்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தேன். காய்கறி வண்டியாகத்தான் இருக்கும்.