ஒன்றரை அங்குலம்

மட்கார்டை முழங்காலில் தாங்கிக்கொண்டு, பல்லில் கடித்திருந்த போல்ட்டைத் துளையில் நுழைத்த பிறகுதான் கர்ட் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். மட்கார்டின் வளைவுக்கு நடுவில் இருக்கவேண்டிய சக்கரம் முன்பக்கமாகத் தள்ளி, வரிசையை முந்தப் பார்க்கிறவன் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. இன்னும் குனிந்ததில் முழங்கால் நழுவியது. மட்கார்டு சிமென்ட் தரையில் விழுந்து, சாவு வீட்டில் யாரும் எழுப்பக்கூடாத ஒரு சத்தத்தை எழுப்பியது.

சமையலறை ஜன்னலில் அம்மாவின் தலை தெரிந்தது. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். தலை மறைந்தது.

அளந்து பார்த்தான். ஒன்றரை அங்குலம். டேப்பைத் திருப்பிப் பிடித்து அளந்தான். அதே ஒன்றரைதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருடமாகப் பின்னக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியன் தரையில் உட்கார்ந்து டேப்பை மூன்றாவது முறையாக நீட்டினான். கணக்கு தப்பாக வந்தால் முதலில் டேப்பைச் சந்தேகிக்கும் பிள்ளைகள்மேல் அவனுக்கு இப்போது கொஞ்சம் மரியாதை வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. அப்பா இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு சர்ச்சில் பிரார்த்தனை. அங்கிருந்து கல்லறைக்கு இரண்டு மைல். அந்த இரண்டு மைலும் தன் சவப்பெட்டி இந்த பிக்கப் வண்டியின் பின்தட்டில்தான் போகவேண்டும் என்று அப்பா டெல்மர் குசேரா சொல்லியிருந்தார். சவ ஊர்தி வேண்டாம், அதில் ஏறினால் செத்துப்போன மாதிரி இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். எண்பத்திரண்டு வயதுவரை யாரிடமும் எதையும் கேட்காத மனிதர், கேட்டது இந்த ஒன்றைத்தான்.

ஐம்பத்தொன்றாம் வருடத்து ஷெவர்லே. மேலே பச்சைப் பெயின்ட் வெளிறியிருந்தாலும் உடம்பு உறுதி. கீழே அடிச்சட்டமான சேசிஸ், நெப்ராஸ்காவின் சாலைகளில் கொட்டும் குளிர்காலத்து உப்பெல்லாம் தின்று, காப்பியில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. ஆகவே மான்மேல் மோதி மூக்குடைந்த தொண்ணூற்றெட்டாம் வருடத்து வண்டி ஒன்றை வாங்கி, அதன் சேசிஸை மட்டும் எஞ்சினோடு வைத்துக்கொண்டு, பழைய கேபினைத் தூக்கி அதன்மேல் உட்காரவைப்பது என்று அப்பா முடிவுசெய்தார். அந்த வட்டாரத்தில் இரண்டு ஷெட்டுக்கு ஒன்றில் இப்படியொரு வண்டி அரைகுறையாக நிற்கும். ஆகவே அதற்கான விதியும் எல்லோருக்கும் தெரியும். கேபினைத் தாங்கும் நான்கு பிராக்கெட்டுகளையும் முதலில் பொட்டு வைத்தாற்போல அங்கங்கே மட்டும் பற்றவைக்க வேண்டும். கேபினோடு சேரும் மட்கார்டையும் பானெட்டையும் மாட்டி, பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். சக்கரம் நடுவில் நின்றால்தான் முழு வெல்டிங். பக்கத்துப் பண்ணை மைலோ, அப்பாவின் அறுபது வருடத்து நண்பர், இதை மூன்று தடவை சொல்லியிருந்தார். மூன்றாவது தடவை ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வரும் நர்ஸ் கர்ட்டைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, இந்த வாரம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவின் கட்டில் சமையலறையில் கிடந்தது. பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் தீப்பொறி பறக்கும் ஷெட்டுக்கு அவரைக் கொண்டுவர முடியாது. வெல்டிங் முடிந்து எல்லாம் ஆறினால்தான் ஒரு முறையாவது அவரைக் கேபினுக்குள் உட்காரவைக்க முடியும். மட்கார்டு மாட்டிப் பார்க்க இன்னும் இரண்டு நாள் வேண்டும். கர்ட் ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டு நான்கு பிராக்கெட்டுகளையும் ஒரே மூச்சில் முழுசாகப் பற்றவைத்துவிட்டான். வாழ்க்கையில் அவன் போட்ட மிகச் சிறந்த வெல்டிங் அதுதான். இப்போது அறுப்பதென்றால் கஷ்டமும் அதுதான்.

திங்கட்கிழமை அவனும் மைலோவும் அப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். நான்கு நிமிடம் இருந்தார். ஸ்டியரிங்கில் கை வைத்தார். கதவில்லாத பக்கமாகத் தலையைச் சாய்த்து, திறந்து கிடந்த சக்கரத்தைப் பார்த்தார். "ம்ம்," என்றார்.

அவ்வளவுதான். கர்ட் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு அன்று முழுவதும் விசிலடித்தான். இப்போது அந்த 'ம்ம்' திரும்ப வந்து காதுக்குள் சுற்றியது. அப்பாவிடம் பலவகை 'ம்ம்' உண்டு. நல்ல கன்றுக்குட்டிக்கு ஒன்று. மகனின் மதிப்பெண் அட்டைக்கு ஒன்று. இது எந்த ரகம்?

பெட்டி வைப்பதற்கு ஓக் பலகைகளை எடுத்துக்கொண்டு மைலோ வந்தார். பலகைகளை இறக்கினார். சக்கரத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து, மேற்கே கறுக்கிறது என்றார்.

"மைலோ, அறுத்து மறுபடி ஒட்டிடலாமா?"

மைலோ தொப்பியைக் கழற்றி உள்ளே எட்டிப்பார்த்தார், பதில் அங்கே எழுதியிருப்பதுபோல. நான்கு பிராக்கெட், ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய், ஒயர்கள் என்று விரல்விட்டு எண்ணினார். இரண்டு பேர் செய்தால் ஞாயிறு சாயங்காலம் முடியும் என்றார். ஞாயிறுவரை டெல்மர் காத்திருக்க மாட்டான் என்றும் சொன்னார்.

"சக்கரம் மட்கார்டுல உரசுமா?"

"உரசாது. அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான்."

"சர்ச் வாசல்ல அறுபது பேர் நிப்பாங்க. அறுபது பேரும் வண்டி கட்டினவங்க."

"சாவுடா அது. எல்லாரும் தலையைக் குனிஞ்சுகிட்டுதான் நிப்பாங்க."

"அதான் பயமே. குனிஞ்சா சக்கரம்தான் தெரியும்."

மைலோ சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்பாவுக்கு இது தெரியுமா என்று கர்ட் கேட்டபோது, ஓக் பலகை நன்றாகக் காய்ந்திருக்கிறது, வளையாது என்று பதில் சொல்லிவிட்டு, கயிறு எடுத்துவருவதாகக் கிளம்பிப் போனார். கயிறு ஷெட்டிலேயே மூன்று சுருள் தொங்கிக்கொண்டிருந்தது.

கர்ட் இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தான். வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

கட்டிலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தரை விரிப்பில் நான்கு கால் பதிந்த பள்ளம் மட்டும் இருந்தது. அம்மா அதை மிதிக்காமல் சுற்றி நடந்தாள். சர்ச் பெண்கள் கொண்டுவந்து குவித்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த தாளில் உரியவரின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா திங்கக்கிழமை ஏதாவது சொன்னாராம்மா?"

"சூப் வேணாம்னார்."

"வண்டியப் பத்தி."

"நல்ல வண்டின்னார்."

"எப்ப?"

"வாங்கினப்போ. ஐம்பத்தெட்டுல."

டெலிபோன் அடித்தது. பாதிரியார். பாட்டு மூன்றா நான்கா என்று கேட்டார் போலிருக்கிறது, அம்மா மூன்று என்றாள். பன்றி இறைச்சி போதும், உருளைக்கிழங்கு ஏற்கெனவே ஐந்து பாத்திரம் வந்துவிட்டது என்றாள். போனை வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டானா என்று கேட்டாள். அவன் ஷெட்டுக்குத் திரும்பி நடந்தான். பாதி வழியில் நின்றான். மறுபடி நடந்தான்.

சக்கரத்தின் பக்கம் பார்க்காமல் வண்டிக்கு அடியில் நுழைந்தான். கண்ணாடியை மாட்டினான். அறுத்துவிட்டால் நாளை வண்டி கிடையாது, கறுப்பு ஊர்திதான். அறுக்காவிட்டால், அப்பாவின் கடைசிப் பயணத்தில் மகனின் அவசரம் ஊருக்கே தெரியும்படி முன்னால் உருண்டுபோகும். அதையும் தாங்கிக்கொள்ளலாம். அந்த நான்கு நிமிடத்தில் அவர் இதைத்தான் பார்த்தாரா என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கிரைண்டரை முடுக்கி முதல் பிராக்கெட்டில் வைத்தான். பொறி பறந்தது.

சத்தம் சட்டென்று நின்றது.

மல்லாந்தபடியே தலையைத் திருப்பினான். அம்மாவின் செருப்புகள் தெரிந்தன. சுவரிலிருந்து பிடுங்கிய பிளக் அவள் கையில் தொங்கியது.

"வெளியே வா."

வந்தான். வேலைக் கண்ணாடியைக் கழற்றாமலே நின்றான். அதற்குள் கண் எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவேண்டியதில்லை.

"எவ்வளவு அறுத்தே?"

"கீறல்தான்."

"விட்டுடு."

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. சூப்பு, உருளைக்கிழங்கு எதுவும் வேணாம். அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

அம்மா ஒயரைக் கையில் சுற்றத் தொடங்கினாள். பாதி சுற்றிவிட்டு நிறுத்தினாள்.

"தெரியும்," என்றாள். "திரும்பக் கொண்டுவந்து படுக்கவச்சதுமே சொன்னார். கேபின் ஒன்றரை அங்குலம் பின்னால உக்காந்திருக்குன்னு. டேப்பு கூட வைக்காம."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். சொன்னா உடனே அறுத்துடுவான், அறுத்தா நேரத்துக்கு ஒட்டாது, அப்புறம் நான் எதுல போறதுன்னார்."

வெளியே காற்று எழுந்து ஷெட்டின் தகரத்தை ஒருமுறை தட்டியது.

"கோபமா சொன்னாரா?"

அம்மா யோசித்தாள். அவனைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"கோபம் இருந்தது," என்றாள். "ஒரு அரை மணி நேரம். அப்புறம் தூங்கிட்டார்."

ஒயரை வேலைமேசைமேல் வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து மட்கார்டின் ஒரு முனையைத் தூக்கினாள். கர்ட் மறுமுனைக்குப் போனான்.