காலர் முனையில் மூன்று தையல்

சட்டைத் தொழிற்சாலையின் மருத்துவ அறை இருக்குமா, மூடப்படுமா என்பது அவளுடைய ஆய்வைப் பொறுத்திருந்தது. உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வந்தால் உற்பத்தி எவ்வளவு குறைகிறது என்று ஆறு மாதம் பார்த்துச் சொல்ல மேலாளர் அவளை அமர்த்தியிருந்தார். குறையவில்லையென்றால் நர்ஸை அனுப்பிவிட்டு அந்த அறையில் அட்டைப்பெட்டி அடுக்குவதாக இருந்தார்.

தினமும் காலையில் ஒவ்வொரு வரிசையாகப் போய், யாருக்கு என்ன உடம்பு என்று குறித்துக்கொள்வாள். தலை நிமிராது, குரலும் பாதிதான் வெளியே வரும். பெண்கள் அவளுக்குத் தெர்மாமீட்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் வரிசையில் காலர் தைக்கும் அவளுடைய சித்தியும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"இங்க என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத. நீ சொதப்பினா என் மானமும் சேர்ந்து போகும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஆறு மாத எண்களை ஆள் வாரியாகக் கூட்டிப் பார்த்தாள். காய்ச்சல்காரரும் நாளைக்கு ஏறக்குறைய முந்நூறு காலர், நல்ல உடம்புக்காரரும் ஏறக்குறைய முந்நூறு. மூன்று தடவை சரிபார்த்தாள். நோயால் ஒரு நஷ்டமும் இல்லை; நர்ஸ் போக வேண்டியதுதான்.

நம்ப முடியாமல், தைத்து முடித்த கட்டுகளைப் பார்க்கப் போனாள். ஒவ்வொரு கட்டிலும் தைத்தவரின் எண் எழுதிய சீட்டு இருக்கும். பதினேழாம் எண் அன்று மதியம்வரை நர்ஸிடம் படுத்துக்கிடந்தவர். அவர் சீட்டு இருந்த கட்டை அவிழ்த்து ஒரு காலரை உருவினாள். நூல் பிரியாமல் இருக்க முனையில் இரண்டு தையல் பின்னால் ஓட்டுவது வழக்கம். இதில் மூன்று. பன்னிரண்டு வருடம் சித்தி தைத்துக் கொடுத்து அவள் போட்டுக்கொண்ட பள்ளிச் சீருடையில் இருந்த அதே மூன்று.

சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"ஆமாடி. ஒருத்திக்கு முடியலன்னா ஆளுக்கு எட்டு காலர் தைச்சு அவ சீட்டு போட்டுருவோம். அதுக்கென்ன இப்போ? வெளிய சொல்லி எல்லார் வேலைக்கும் உலை வெச்சிராத!"

"அப்போ உங்க கணக்குல எட்டு குறையும்ல?"

"எட்டுதான? எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

அவள் சட்டென்று எழுந்தாள். "காபி குடிச்சிட்டுப் போடி!" என்ற குரல் வாசல்வரை துரத்தியது.

ஆள் வாரியாகக் கூட்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு, வரிசை வாரியாகக் கூட்டினாள். ஒருவருக்கு நோய் வந்தால் வரிசையே நாளைக்கு நூற்று நாற்பது காலர் இறங்கியது. பிறகு பக்கத்து இருக்கைக்காரரும் படுத்தார். முதல் நாளே நர்ஸைப் பார்த்திருந்தால் இரண்டே நாளில் வரிசை பழைய நிலைக்கு ஏறியது. பார்க்காதபோது ஒரு வாரமாயிற்று.

மேலாளர் அவள் வரைந்து கொடுத்த வரிசை வரைபடத்தையும் ஆள் வாரிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது சரி. ஆனா காய்ச்சல்காரங்க கணக்கு மட்டும் எப்படிம்மா குறையாம இருக்கு?"

"அதுக்குக் காரணம் எனக்குத் தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

"என்னது?"

அவள் தலை நிமிர்ந்தது. "யார் என்ன சொன்னாங்க, என்ன செஞ்சாங்கன்னு வெளிய விட மாட்டேன்னு ஒவ்வொருத்தருக்கும் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன் சார். அத மீறினா இந்த ஆய்வே செல்லாது. வரிசைக் கணக்குல ஒரு எண்கூடப் பொய் இல்ல. நீங்களே கூட்டிப் பாருங்க."

அவர் கூட்டிப் பார்த்தார். கால்குலேட்டரை இரண்டு முறை தட்டினார்.

"நர்ஸ் இருக்கட்டும்" என்றார். "ஆனா ஒண்ணு. அடுத்த ஆறு மாசமும் நீயே எண்ணணும்."

செய்தி அவளுக்கு முன்பே தையல் கூடத்துக்குப் போய்விட்டிருந்தது. அவள் உள்ளே வந்ததும் யாரோ, "தெர்மாமீட்டர் வந்துருச்சு!" என்று கத்தினார்கள்.

மூன்றாம் வரிசையில் ஒரு மெஷின் நின்றது. சித்தி எழுந்து, இடுப்பில் கை வைத்து, எல்லா மெஷின் சத்தத்துக்கும் மேலே கத்தினாள்:

"யாருடி அது தெர்மாமீட்டர்? அவ எங்க அக்கா பொண்ணு!"