முதல் குடும்பம்

போன் வந்தபோது அவள் கையில் யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை இருந்தது. மெழுகில் செய்த தாடைதான். அதில் பன்னிரண்டு பல்லை வரிசையாகப் பதித்துவிட்டு, பதின்மூன்றாவதை இடுக்கியில் பிடித்திருந்தாள். பல் செட் செய்யும் லேபில் பதினான்கு வருடமாக அவளுக்கு இதே வேலை. ஊரில் பாதிப் பேர் இவள் செய்த பல்லால்தான் மெல்கிறார்கள் என்று லேப் ஓனர் வருகிறவர்களிடமெல்லாம் அடித்துவிடுவார். அந்தப் பாதிப் பேரில் ஒருவரின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. டாக்டரிடமிருந்து அச்சு வரும், இவளிடமிருந்து பல் போகும், அவ்வளவுதான்.

"மேடம், எங்க தீம் பார்க்கோட முதல் குடும்பத்துல அந்தக் குட்டிப் பொண்ணு நீங்கதானே?" என்றது போனில் ஒரு இளம்பெண் குரல்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஊருக்கு வெளியே இருக்கும் அந்த தீம் பார்க்கைத் திறந்த அன்று, கதவு திறந்ததும் முதலில் உள்ளே நுழைந்தது அவளுடைய குடும்பம். அப்பா, அம்மா, அண்ணன், அவள். பார்க்காரர்கள் நாலு பேரையும் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார்கள். அப்பாவின் கை அவள் தோளில் இருக்கும். அம்மா அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்திருப்பாள். வெயில் பட்டு அண்ணன் ஒரு கண்ணை மூடியிருப்பான். ஏழு வயது அவள், முன்பல் ரெண்டும் இல்லாமல் வாயெல்லாம் சிரிப்பாக நிற்பாள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி நுழைவாசலில் மாட்டினார்கள். பேருந்தின் முதுகில், பேப்பரில், டிக்கெட்டின் பின்பக்கத்தில் என்று முப்பது வருடமாக அது ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"முப்பதாவது ஆண்டு விழா வருது மேடம். அதே நாலு பேர், அதே எடத்துல, அதே மாதிரி நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்னு ஆசைப்படறோம். எல்லாரையும் கூட்டிட்டு வருவீங்கதானே?"

"வரோம்" என்றாள் அவள்.

போனை வைத்த பிறகுதான், என்ன சொல்லித் தொலைத்தோம் என்று அவளுக்கு உறைத்தது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மாவும் அண்ணனும் ரயிலில் ஐந்து மணி நேரத் தூரத்தில் இருக்கிறார்கள். அண்ணனோடு பேச்சே இல்லை. ஆனால் இவள்தானா என்று கேட்டு, இவளையே தேடிக்கொண்டு ஒரு போன் வந்து எத்தனை நாள் ஆயிற்று? அந்த ஆசையில் வாய் முந்திக்கொண்டது.

அந்தப் போட்டோவைப் பற்றி பார்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அதற்கு அடுத்த வாரமே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். எல்லாம் முன்பே பேசி முடித்தாகிவிட்டது, பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது நல்ல நாளாக இருக்கட்டும் என்றுதான் அன்று கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா நாள் முழுக்க ஒரே பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாதான் பிள்ளைகளோடு எல்லாவற்றிலும் ஏறி இறங்கினார். அப்புறம் வீட்டுச் சாமான்களைப் பிரித்த மாதிரி பிள்ளைகளையும் பிரித்தார்கள். அண்ணன் அம்மாவோடு போனான். இவள் அப்பாவிடம் தங்கினாள். முதலில் லீவுக்கு லீவு போக்குவரத்து இருந்தது. பிறகு போன். பிறகு அதுவும் தேய்ந்தது.

அப்பா இறந்தபோது அண்ணன் காலையில் வந்து சாயங்காலமே கிளம்பினான். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவனிடம், "விருந்தாளிகூட ஒரு ராத்திரி தங்கிட்டுத்தான் போவான்" என்று சொல்லிவிட்டாள். கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றோடு சரி.

மூன்று நாள் யோசித்து, நாலாவது நாள் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லு" என்றான். குரல் அப்பாவின் குரலாகவே ஆகிவிட்டிருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. முட்டி வலி. படி ஏற முடியல."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் பாதியில் குறுக்கிட்டான்.

"அந்தப் போட்டோவா? அது இன்னும் தொங்குதா?"

"தொங்குது."

"அப்பா இல்லாம நாலு பேருக்கு எங்க போவே?"

"மூணு பேரா நிக்கலாம். அம்மாவால முடியலன்னா ரெண்டு பேரா நிக்கலாம்."

எதிர்முனையில் டிவியின் சத்தம் குறைந்தது.

"பாக்கலாம்" என்றான்.

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் அதை வருவான் என்றே எடுத்துக்கொண்டாள். விழாவுக்கு முதல் நாள் பார்க் பெண் கூப்பிட்டுக் கேட்டபோதும், "வந்துடுவாங்க" என்றே சொன்னாள்.

விழா அன்று பார்க் வாசலில் பலூன் வளைவு கட்டியிருந்தார்கள். ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. அந்த இளம்பெண், கழுத்தில் அட்டையும் காதில் வயருமாக ஓடி வந்தாள். கையில் நாலு மஞ்சள் டீஷர்ட். முன்பக்கம் 'முதல் குடும்பம்' என்று போட்டிருந்தது. முதுகில் ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை: அப்பா, அம்மா, அண்ணன், தங்கை.

"வாங்க மேடம்! மத்தவங்க பார்க்கிங்ல இருக்காங்களா?"

"அப்பா இல்லம்மா. இறந்துட்டாரு."

"ஐயோ, சாரி மேடம். அம்மா?"

"முட்டி வலி. வர முடியல."

"அண்ணன்?"

"வருவான். வந்துட்டு இருக்கான்னு நெனக்கிறேன்."

நாலு மணி வரை வாசலிலேயே நின்றாள். மேடை நாலரைக்கு. ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தொரு வயதில் அண்ணன் எப்படி இருப்பான்? தலை நரைத்திருக்குமா? கண்ணாடி போட்டிருப்பானா? ஆறு வருடம் முந்திய முகத்தை வைத்துக்கொண்டு தேட வேண்டியிருந்தது. போன் போடலாமா என்று எடுத்தாள். அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டால்? போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நாலு பத்துக்கு இளம்பெண் வந்தாள். முகத்தில் கலவரம்.

"மேடம், பெரிய ஆளுங்கள்லாம் வந்து உக்காந்துட்டாங்க. போட்டோவுக்கு நாலு பேர் வேணும். தப்பா எடுத்துக்காதீங்க, நம்ம ஸ்டாஃப்ல மூணு பேரை நிறுத்திக்கலாமா? ரெண்டே நிமிஷம்."

அவளுக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணின் உதடு உலர்ந்துபோய் இருந்தது. பாவம், யார் யாரிடம் திட்டு வாங்க வேண்டுமோ. "சரி" என்றாள்.

அம்மாவாக டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பெண்மணி வந்தார். அண்ணனாக ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க்கை இழுத்து வந்தார்கள். டீஷர்ட் அவன் தொப்பையில் ஏறாமல் அடம்பிடித்தது. அப்பாவாக ராட்டினத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் கிரீஸ் இருக்கிறதென்று பேன்ட்டில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே மேடையேறினார்.

"அப்பா, பொண்ணு தோள்ல கை போடுங்க" என்றான் போட்டோகிராபர்.

மெக்கானிக் கையைத் தூக்கினார். அது தோளில் படாமல் ஒரு விரல் உயரத்தில் அப்படியே நின்றது. கிரீஸ் பட்டுவிடுமோ என்று பயந்தார் போலிருக்கிறது. டிக்கெட் பெண்மணி கிளார்க்கின் மணிக்கட்டைப் பிடித்தார். "அண்ணன் ஒரு கண்ணை மூடுங்க!" என்று கத்தினான் போட்டோகிராபர். கிளார்க் மூடினான். கூட்டம் சிரித்தது.

அதோடு இறங்கியிருந்தால் தேவலை. மைக் பிடித்திருந்த அறிவிப்பாளருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. நேராக மெக்கானிக்கிடம் மைக்கை நீட்டினான்.

"சொல்லுங்க அப்பா! முப்பது வருஷம் முன்னாடி, இதே எடத்துல. உங்க பொண்ணு எப்படி இருந்தாங்க?"

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். இளம்பெண் மேடைக்குக் கீழே நின்று கையை ஆட்டி ஏதோ சைகை காட்டினாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"சேட்டைக்காரி. ராட்டினத்துல ஏறினா எறங்க மாட்டா. இன்னொரு தரம், இன்னொரு தரம்னு அழுவா. கையைப் புடிச்சு இழுத்துட்டு வரதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்."

கூட்டம் கைதட்டியது. அவள் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தாள். அன்று அவள் அழுதது நிஜம். அப்பா ஐந்து தடவை கூடவே ஏறினார். ஆறாவது தடவை, "அப்பாவுக்குத் தலை சுத்துதுடா" என்று கும்பிட்டார்.

"நீங்க சொல்லுங்க மேடம்! இத்தனை வருஷம் கழிச்சும் குடும்பம் மொத்தமும் ஒண்ணா நிக்கிறீங்களே, எப்படி இருக்கு?"

"ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்றாள். சிரிக்கவும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

கீழே இறங்கியதும் கிளார்க் முதல் வேலையாக டீஷர்ட்டை உரித்துப் போட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடினான். டிக்கெட் பெண்மணி, "வரேங்க, கவுண்டர்ல ஆள் இல்ல" என்று போனார். மெக்கானிக் மட்டும் தயங்கி நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். தினமும் பாக்கறேன்ல, எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான்."

"சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவரும் போய்விட்டார்.

முதல் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேர் மேஜை ஒதுக்கியிருந்தார்கள். பரிமாறுகிறவர் வந்து நாலு தட்டை வைத்தார். "மத்தவங்க வரட்டும்னு காத்திருக்கீங்களா?" என்றார். அவள் தலையாட்டி வைத்தாள். பக்கத்து மேஜையில் பெரிய கூட்டம். அங்கிருந்து ஒருவர் எழுந்து வந்து, "இந்தச் சேர்ல ஆள் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றாள். எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் வந்தார். பிறகு ஒரு குழந்தை வந்து கேட்காமலே மூன்றாவது நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. நாலு தட்டும் ஒரு நாற்காலியுமாக அவள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அண்ணி.

"என்ன, ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா? இவரு போனே எடுக்க மாட்டேங்கறாரு. தங்கச்சியைப் பாத்ததும் பொண்டாட்டி மறந்துடுச்சாக்கும்!"

"அண்ணி, அண்ணன் இங்க வந்தானா?"

"விளையாடாதே. காலை வண்டிக்கே கிளம்பினாரே. சொன்னா நீ எதிர்பார்ப்பே, வண்டி கிண்டி தவறிட்டா அது வேற ஏமாத்தம்னுதான் சொல்லல. வண்டி ரொம்ப லேட்டு, இப்பதான் பார்க் வாசல்ல எறங்கினேன்னு நாலரைக்குப் பேசினாரு. என்ன, பாக்கலையா?"

அண்ணியிடம் என்ன சொல்லி வைத்தாளோ, அவளுக்கே நினைவில்லை. தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள். மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவை எடுத்தான். பின்னால் ரயில் ஓடும் சத்தம்.

"எங்க இருக்கே?"

"வண்டி கிளம்பிடுச்சு."

"வந்தியாம். வந்துட்டு எதுக்குப் போனே?"

"மேடையில நாலு பேர் இருந்தாங்களே. அஞ்சாவதா ஏறி என்னன்னு சொல்லுவேன்?"

"அதெல்லாம் பார்க்ல வேலை செய்யறவங்க. நீ வரலன்னு நிறுத்தினாங்க."

"தெரியும். வேற ஒருத்தன் முதுகுல 'அண்ணன்'னு எழுதியிருந்ததே. இருந்தாலும்..." அவன் நிறுத்தினான். "அந்தப் பெரியவர் கையை வெச்சிட்டு நின்னதைப் பாத்தேன். நீ வேற மைக்ல சிரிச்சிட்டே சந்தோஷமா இருக்குன்னே. சரி, இவளுக்கு நாம எதுக்குன்னு தோணிச்சு. திரும்பிட்டேன்."

"வேற என்ன சொல்லச் சொல்றே? அத்தனை பேர் முன்னாடி அழச் சொல்றியா?"

ரயில் ஏதோ பாலத்தின் மேல் போனது. தடதடவென்ற அந்தச் சத்தத்தை அவள் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் விசில், பீப்பி, குழந்தைகளின் கூச்சல்.

"அன்னைக்கு வாசல்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"சொன்னதுல தப்பில்ல. எனக்கு அந்த வீட்ல எங்க படுக்கறதுன்னே தெரியல. அதான் கிளம்பினேன்."

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட.

"நான் அங்க வரட்டுமா? அம்மாவைப் பாக்க?"

"கேட்டுட்டு வர்ற வீடா அது?" என்றான் அவன். சிடுசிடுப்பாகத்தான் சொன்னான். கோபமா, உரிமையா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

பஸ்ஸில் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தன. அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். 'தங்கை' என்று எழுதிய டீஷர்ட்டை இன்னும் கழற்றவில்லை. பின்னால் இருந்த ஒரு அம்மாள் அதைப் படித்துவிட்டு, "அண்ணன் வரலையா?" என்று கேட்டார். "வந்துட்டுப் போயிட்டான்" என்றாள்.

வீட்டில் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது எட்டு மணி. அண்ணன் ஊர் போய்ச் சேர பதினொன்றாகும் என்று கணக்குப் போட்டாள். சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி வருமா என்று போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எப்போது தூங்கினாளோ தெரியாது. காலையில் பார்த்தபோதும் ஒன்றும் வந்திருக்கவில்லை.

மூன்று வருடம் முன்புதான் லேபை வாங்கிய ஓனர், விழா போட்டோவைப் பேப்பரில் பார்த்துவிட்டிருந்தார். "பரவாயில்லையே, அப்பா நல்லா திடமா இருக்காரே" என்றார். அவள் திருத்தவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, அரைகுறையாகக் கிடந்த மேல்தாடை ஒன்றை எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு அவருடைய மேஜைக்குப் போனாள்.

"சனி ஞாயிறு சேர்த்து மூணு நாள் லீவு வேணும் சார்."

பதினான்கு வருடத்தில் அவள் தானாகக் கேட்ட லீவு விரல்விட்டு எண்ணக்கூடியது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"எங்க போறே? உனக்கு வெளியூர்ல யாரு இருக்கா?"

"அண்ணன் இருக்கான் சார்."